பக்கத்து வீட்டு விரிசல்

அந்தக் கம்பெனியில் யாரையும் வாய்விட்டு வேலையை விட்டுப் போகச் சொல்வதில்லை. மாதம் பிறந்த முதல் நாள் காலையில் வாசல் கேட்டில் இருக்கும் கருவியில் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வேலை இருக்கிறது. சிவப்பு எரிந்தால் இல்லை. சிவப்பு எரிந்தவர்கள் முதலில் அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டுவார்கள். பிறகு காவலாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் அந்த நேரம் பார்த்து ஆகாயத்தில் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

சின்னவள் அங்கே ட்ரெயினியாகச் சேர்ந்தபோது அவளோடு ஒரு கூட்டமே சேர்ந்தது. எல்லோரும் பட்டம் வாங்கிய சூடு ஆறாத சிவில் இன்ஜினியர்கள். புது ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட உரிக்காமல் முதல் நாள் குழியின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் கூட்டம் கரைந்துபோய், மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி சின்னவள். இன்னொருவன் நெட்டை. சைட் ஆபீஸ் என்று சொல்லப்பட்ட தகரப் பெட்டிக்குள் நுழையும்போதெல்லாம் தலையை இடித்துக்கொள்கிறவன் என்பதால் அந்தப் பேர்.

சின்னவள் என்பது வீட்டில் அக்கா வைத்த பேர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவின் வீடுதான் அவளுக்கும் வீடு. படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் அவள் சும்மா இருந்தாள். சும்மா என்றால், எந்த நேரமும் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். 'அனுபவம் வேண்டும்' என்பார்கள். அனுபவத்துக்கு வேலை வேண்டும் என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர்கள் போகும்வரை அவள் துணி மடிப்பதுபோல் பின்னறையில் இருப்பாள். மடித்த துணியையே உதறி மறுபடி மடித்த நாட்களும் உண்டு.

கடைசியில் வழி செய்தது அத்தான், அக்காவின் கணவர். அவர் அந்தக் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து, "சார், எங்க வீட்டுல ஒரு பொண்ணு சிவில் படிச்சிருக்கு" என்று மெல்லப் போட்டு வைத்தார். வேலை கிடைத்தது. மூன்று மாதக் காண்ட்ராக்ட். முடிந்ததும் மறுபடி மூன்று மாதம். "நல்லா வேலை பாரு, நிரந்தரம் ஆக்கிடலாம்" என்பது மேனேஜர் எல்லா ட்ரெயினிக்கும் சொல்கிற வார்த்தை. அத்தான் மட்டும் அதை வீட்டில் வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைட் ஒரு நெருக்கமான தெருவில் இருந்தது. ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, பூமிக்குக் கீழே கார் நிறுத்த இரண்டு தளம், மேலே பல மாடி என்று திட்டம். இப்போதைக்கு இருந்தது குழிதான். குழியின் பக்கங்கள் சரியாமலிருக்க இரும்புத் தகடுகளை வரிசையாக மண்ணில் அடித்து இறக்கியிருந்தார்கள். அந்தத் தகடுகள் உள்பக்கம் சாயாமலிருக்க, குறுக்கே பெரிய இரும்புச் சட்டங்களால் முட்டுக் கொடுக்கவேண்டும். கொஞ்சம் தோண்டு, ஒரு வரிசை முட்டு கொடு, பிறகு தோண்டு. இது இரண்டாம் வருஷத்துப் பாடம். மேல் வரிசை முட்டு சரியாக இருந்தது. கீழ் வரிசைக்குச் சட்டங்கள் வந்து சேரவில்லை. ஆனால் தோண்டுவது நிற்கவில்லை.

குழியை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு பழைய வீடு. முன்னறையில் தையல் வகுப்பு நடந்தது. பின்பக்கம் சமையலறையும் டீச்சர் படுக்கும் அறையும். தையல் டீச்சர் கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கத்தரிக்கோலுக்கு இணையான நாக்கு. குழி தோண்ட ஆரம்பித்ததும் அவர் வீட்டுப் பின்சுவரில் விரிசல் விழுந்தது. அவர் வந்து சைட் வாசலில் நின்று ஒரு பாட்டம் கத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கவனிக்கிற வேலையை மேனேஜர் சின்னவளின் தலையில் கட்டினார்.

வேலை லேசானதுதான். விரிசலின் குறுக்கே ஒல்லியான கண்ணாடிப் பட்டைகளை வைத்து, இரண்டு முனையையும் சாந்து வைத்துச் சுவரோடு ஒட்டியிருந்தார்கள். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும். தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மேனேஜரிடம் சொல்லவேண்டும். டீச்சர் கேட்டால், "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லவேண்டும்.

"அந்தம்மாகிட்ட கணக்கெல்லாம் பேசாத. சிரிச்ச முகமா ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு அது நல்லா வரும்" என்றார் மேனேஜர்.

நல்லாத்தான் வந்தது. டீச்சர் அவளுக்கு ஸ்டூல் போட்டு டீ கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. தைக்க வருகிற பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, "இன்ஜினியர் மேடம், எங்க வீட்டு மாடிப்படி சரியா இருக்கான்னு வந்து பாருங்களேன்" என்று கிண்டல் செய்வார்கள். அவளை மேடம் என்று கூப்பிட்ட ஒரே இடம் அதுதான்.

முதல் கண்ணாடி உடைந்த காலை, அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரே ஒரு கோடு. கைதவறி உடைந்ததுபோல் இல்லை. யாரோ நிதானமாக அறுத்ததுபோல் இருந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று டீச்சர் பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். தூசி."

தகரப் பெட்டிக்கு ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கதவைப் படார்னு சாத்தியிருப்பாங்க. அந்த மிஷின்கள் வேற நாள் பூரா தடதடன்னு ஓடுது. புதுக் கண்ணாடி ஒட்டிடு."

"சார், கீழ் வரிசை முட்டு இன்னும்..."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். கோபமே இல்லை. ஏதோ மறந்துபோன பொருளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "முட்டு என் பிரச்சனை. கண்ணாடி உன் பிரச்சனை. உன் காண்ட்ராக்ட் எப்ப முடியுது?"

"இந்த மாசக் கடைசி சார்."

"ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

புதுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள். உடைந்த துண்டுகளைப் பெயர்த்தெடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். புதியதை ஒட்டினாள். சுவர் பழையபடி சமர்த்தாகத் தெரிந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் நெட்டை வாயைத் திறந்தான். இத்தனைக்கும் அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவனே குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவன். "சார், கீழ தகடுங்க உள்பக்கம் வயிறு தள்ளிட்டு நிக்குது. முட்டு வர்ற வரைக்கும் தோண்டுறதை நிறுத்தி வெக்கலாமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். மேனேஜர் சிரித்தார். "காலேஜ்ல நல்ல மார்க்கோ?" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் ஏன் சிரித்தோம் என்று தோன்றியது.

மாதம் பிறந்தது. நெட்டை அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றான். அட்டையைக் காட்டினான். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினான். சிவப்பு. விலகி நின்று அவளுக்கு வழிவிட்டான். அவள் அட்டையைக் காட்டினாள். பச்சை.

உள்ளே போனவளைக் கம்பிக்கு வெளியிலிருந்து அவன் கூப்பிட்டான். "இங்க பாரு. அந்த முட்டு விஷயத்தை விட்டுடாத. யாராவது கேக்கணும்."

மேனேஜரின் கார் அப்போதுதான் தெருமுனையில் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தது அத்தான். சின்னவள் காது கேட்காதவள்போல் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டு, காவலாளி பார்க்கிற அதே ஆகாயத்தைப் பார்த்தாள். நெட்டை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அத்தான் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது. "இன்னிக்கு வண்டியில வரும்போது சார் என்ன சொன்னார் தெரியுமா? 'உன் கொழுந்தியா விவரமான பொண்ணு. அடுத்த மாசம் நிரந்தரம் ஆக்கிடலாம்'னு அவர் வாயாலயே சொன்னார்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தங்கையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "ஒன்றரை வருஷமா எத்தனை பேச்சு கேட்டோம். இனி எவளாவது வாயைத் திறக்கட்டும்."

சின்னவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்றே இருவரும் நினைத்தார்கள்.

இரண்டாவது கண்ணாடியும் உடைந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தானே மாற்றினாள். அது உடைந்ததும் இன்னொன்று. மேனேஜர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் அவர் வெறுமனே பார்ப்பார், அவள் "சரியா இருக்கு சார்" என்பாள், அவர் தலையாட்டுவார். விரிசல் விளிம்பில் விரலை வைத்தால் அந்தப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அடுத்த மாதம் வரை தாங்கினால் போதும் என்று நினைத்துக்கொள்வாள். அட்டை நிரந்தரம் ஆனதும் முதல் வேலையாக இதைக் கேட்டுவிடவேண்டும். நிரந்தரமானவர்கள் கேட்கலாம். தினமும் படுக்கப்போகும்போது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்.

ஒருநாள் டீச்சர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் வைத்த நூல்கண்டு தானாகவே உருண்டு, பின்பக்கம் நோக்கி ஓடிக் கீழே விழுந்தது. ஒரு பெண் எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது. பெண்கள் சிரித்தார்கள். "டீச்சர், நூல்கண்டுக்கு வகுப்புப் பிடிக்கல. வீட்டுக்குப் போகுது."

டீச்சர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சின்னவளை நேராகப் பார்த்தார். "பின் கதவு ரெண்டு நாளா சாத்த மாட்டேங்குது. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கு. உன்னை நம்பித்தான் கேக்கிறேன். ஒண்ணும் ஆகாதில்ல?"

முன்னறை முழுக்கத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சிரித்த முகமாகச் சொன்னாள்: "ஒண்ணும் ஆகாது டீச்சர். மழைக்கு மரம் உப்பியிருக்கும்."

அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யவில்லை, ஒரே மூச்சாகப் பெய்தது. குழிக்குள் தண்ணீர் நின்றதால் யாரும் இறங்கவில்லை. மோட்டார் மட்டும் தண்ணீரை இறைத்துத் தெருச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் சின்னவள் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் இப்படி இருக்காது. கெட்டியாக, பழுப்பாக, கையில் அள்ளினால் விரலிடுக்கில் மாவுபோல் மண் நின்றது. தகடுகளின் சந்து வழியே வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் குழிக்குள் வந்துகொண்டிருக்கிறது. மோட்டார் அதைத்தான் இறைத்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது.

மேனேஜருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். "மீட்டிங்ல இருக்கேன், என்ன?"

"சார், மோட்டார் தண்ணில மண்ணு வருது. வீடு நிக்காது சார். அவங்களை வெளியே..."

"கேளு. நீ அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விட்டேன்னு வை, தெருவே கூடிடும். கார்ப்பரேஷன் ஆபீசர் வருவான், சைட்டுக்குப் பூட்டுப் போடுவான். இன்னும் எத்தனை நாள் இருக்கு உன் விஷயத்துக்கு? சும்மா இரு. நான் சாயங்காலம் வந்து பாக்கிறேன்."

போன் கட்டானது. அவள் தகரப் பெட்டியின் கூரையில் மழை கொட்டுவதைக் கேட்டபடி நின்றாள். சாயங்காலம் என்றால் வகுப்பு நடக்கும் நேரம் முழுக்கத் தாண்டவேண்டும். கால்கள் தானாகவே நடந்தன. அவள் முடிவு எடுத்தாள் என்று சொல்லமுடியாது. நின்ற இடத்தில் நிற்கமுடியவில்லை, அவ்வளவுதான்.

பின்சுவரில் கண்ணாடிப் பட்டையே இல்லை. சாந்தோடு பெயர்ந்து தரையில் நொறுங்கிக் கிடந்தது. விரிசலில் அவள் விரல் முழுசாக நுழைந்தது.

முன்னறையில் பெண்கள் எல்லோரும் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். நீலத்துணி மலைபோல் கிடந்தது.

"டீச்சர், எல்லாரும் வெளியே வாங்க. இப்பவே. வீடு விழுந்திடும்."

மிஷின்கள் ஒன்றொன்றாக நின்றன. டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்ன உளர்றே? நேத்துக் காலையில இதே இடத்துல நின்னு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன் டீச்சர்."

"பொய்யா? நேத்துச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" டீச்சரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்க ஆளுங்க இந்த வீட்டை வாங்கக் கேட்டு ஆள் அனுப்பினாங்க, நான் மாட்டேன்னுட்டேன். இப்ப உன்னை விட்டுப் பயமுறுத்துறாங்களா? நாளைக்குத் துணி கொடுக்கணும். போயிட்டு அப்புறம் வா."

இத்தனை நாள் அவள் வாயால் சொன்ன சமாதானமெல்லாம் இப்போது அவளுக்கு எதிராகவே நின்றது. என்ன சொன்னால் நம்புவார்கள் என்று தெரியவில்லை. பேசுவதை விட்டுவிட்டாள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மிஷினை மேஜையோடு இழுத்தாள். தரையில் கிறீச்சிட்டுக்கொண்டே அது நகர்ந்தது. படியில் இறக்கி, கொட்டுகிற மழையில், தெரு நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏய், மிஷின் நனையுது" என்று அதற்குச் சொந்தக்காரப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். சின்னவள் அதற்குள் உள்ளே போய் அடுத்ததை இழுத்தாள். அதைத் தடுக்க இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவள் திமிறிக்கொண்டு போய்ச் சீருடைத் துணியை இரண்டு கையிலும் அள்ளித் தெருவில் எறிந்தாள். அதுதான் வேலை செய்தது. டீச்சரே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்து, சேற்றில் கிடந்த துணியைப் பொறுக்கினார். மற்றப் பெண்கள் உதவிக்கு வந்தார்கள். கடைசியாக ஒருத்தி குடை தேடிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள் சின்னவள்.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். சைட் காவலாளி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வீடு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்தும் அப்படியே நின்றது. சின்னவள் வாசல்படியில் வழிமறித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். விழாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். விழவேண்டும் என்று மனசின் ஏதோ ஒரு மூலை வேண்டிக்கொண்டதை உணர்ந்து அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

டீச்சர் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "நகரு" என்றார். "நகரு, இல்லேன்னா போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க டீச்சர். அவங்க வரட்டும்."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய இடிச்சத்தம் இல்லை. தடித்த துணியை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் கிழிப்பதுபோல், நீளமாக. வீட்டின் பின்பாதி நிதானமாகப் பின்னால் சாய்ந்தது. ஓடுகள் சரசரவென்று வரிசையாக வழிந்தன. சமையலறை, டீச்சரின் அறை, சாத்த மறுத்த அந்தக் கதவு, எல்லாம் குழிக்குள் போயின. அதன் பிறகுதான் தரை அதிர்ந்தது. முன்னறை ஒருபக்கம் திறந்த பெட்டிபோல் நின்றது. உள்ளே போட்டிருந்த விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது.

யாரும் அலறவில்லை. டீச்சர் தன் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துச் சின்னவளிடம் வந்தார்.

"நேத்து ஏன் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே?"

"வேலை போயிடும்னு பயம் டீச்சர்."

டீச்சர் அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் மறுநாள் சின்னவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவர் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை.

"உன்னாலதான் உயிர் தப்பிச்சுது. பெரிய இடத்துல சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே நிரந்தரம்" என்றார். குரல் வெண்ணெய்போல் இருந்தது. "விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. பயப்படாத. கண்ணாடி கடைசி நாள் வரைக்கும் முழுசா இருந்துச்சு. திடீர்னு மழை, திடீர்னு விழுந்துச்சு. நீ பார்த்தது அவ்வளவுதான்."

"அது முன்னாடியே உடைஞ்சுது சார். பல தடவை."

"சரி. அப்ப அதை மாத்தினது யாரு?" அவர் காத்திருந்தார். "தினமும் போய்ப் பார்த்தது யாரு? ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு? அந்தம்மாவைக் கேட்டாலே சொல்லுவாங்களே. நான் சொன்னதுக்குச் சாட்சி இருக்கா?" பிறகு, கிளம்புகிறவளின் முதுகுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னார்: "உங்க அத்தான் நல்ல டிரைவர். நிதானமா ஓட்டுவார்."

வீட்டில் அதைச் சொன்னபோது அத்தான் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். கை அப்படியே காய்ந்துபோனது.

"அவர் சொல்ற மாதிரியே சொல்லிடேன் சின்னவளே" என்றார் கடைசியில். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்தம்மாவுக்கு வீடு போச்சு. அது ஒண்ணும் ஆகாததா?"

"எனக்குப் பயமா இருக்கு. அதான் சொல்றேன்." அத்தான் தரையைப் பார்த்தார். "அந்த இரும்புச் சட்டமெல்லாம் வேற சைட்டுக்குப் போயிடுச்சுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வண்டியில உக்காந்துதான் போன்ல பேசினார். வண்டி ஓட்டுறவனுக்குக் கண்ணு மட்டும்தான், காது கிடையாது. அப்படித்தானே பொழைக்கிறோம். நீ அங்க தினமும் போய் நிக்கிறேன்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல."

அக்கா போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

விசாரணை நாளில் அத்தான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். "நான் உள்ள வரமாட்டேன். என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அறைக்குள் மூன்று அதிகாரிகள். மூலையில் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். சின்னவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். எந்தக் கண்ணாடி எப்போது உடைந்தது, யாரிடம் சொன்னாள், யாரிடம் சொல்லாமல் மாற்றினாள், கீழ் வரிசையில் முட்டு இல்லாமல் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எல்லாம். தன்னை விட்டுவிட்டுச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க இன்ஜினியர். ஆபத்துன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் எங்ககிட்ட வரல?" என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

"நிரந்தரம் ஆனதும் வரலாம்னு இருந்தேன் சார்."

யாரோ இருமினார்கள். அதிகாரி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

முதலில் தண்டனை வந்தது அத்தானுக்கு. மறுநாள் காலையிலேயே கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லாமலே அவருக்கு வேலை போனது. வீட்டுக்கு வந்தவர், "காது மட்டும் மிச்சம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரித்தாள். சிரிக்காவிட்டால் அழவேண்டியிருக்கும் என்பதால் சிரித்தாள்.

சைட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போலீஸ் போட்ட வழக்கில் அவர் பேர் இருந்தது. சின்னவளின் பேரும் இருந்தது. டீச்சருக்குக் கம்பெனி ஒரு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தது. சின்னவள் ஒருநாள் அந்தத் தெருவுக்குப் போனாள். திறந்த ஜன்னல் வழியே மிஷின் சத்தம் கேட்டது. கதவைத் தட்டத் துணியாமல் திரும்பிவிட்டாள்.

அந்த வேலையை இழந்தபின் அவள் போன நேர்முகத் தேர்வுகளில், முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். சொன்னதும், "ஓ, அது நீங்கதானா" என்பார்கள். அந்த 'ஓ'வில் அருவருப்பு இருக்காது. மரியாதைகூட இருக்கும். ஆனால் வேலை இருக்காது.

அவள் ஒருநாள் நெட்டைக்குப் போன் செய்தாள். "அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

"தெரியும்" என்றான் அவன். பிறகு, தான் இப்போது ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருப்பதாகவும், அங்கே இன்னொரு ஆள் தேவைப்படுவதாகவும் சொன்னான். "ஆறு மாசக் காண்ட்ராக்ட்தான்."

"எதுவா இருந்தாலும் சரி."

பரிசோதனைக் கூடம் ஒரு கடைத்தெருவின் மாடியில் இருந்தது. கட்டடம் கட்டப்போகும் இடங்களிலிருந்து மண்ணைக் குழாயில் எடுத்து வந்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்லுகிற இடம். ஈரமண் வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. முதல் நாள் காலையில் முதலாளி அவளை மேஜைமேஜையாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார். சுற்றி முடித்து அறை வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்மா. இங்க வர்றவங்க எல்லாம் நமக்கு வேண்டப்பட்ட பார்ட்டிங்க. மண்ணு சரியில்லன்னு உனக்குத் தோணிச்சுன்னா, எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. சரியா?"

அந்தப் பக்கத்து மேஜையில் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்த நெட்டை நிறுத்தினான். தலை நிமிரவில்லை.

வீட்டில் அத்தான் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள் சின்னவள்.

முதலாளி சிரித்தார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் சொன்னது அவருக்குச் சரியாகக் காதில் விழுந்ததா, விழவில்லையா என்று அவர் முகத்தைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்கமுடியவில்லை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சல்லடை மறுபடி ஆட ஆரம்பித்தது.